பழைய வால்வு கிட்டார் அம்ப்களின் தெளிந்த ஒலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் கோயில் திருவிழா மேடைகளிலும் தேவாலயப் பாடகர் குழுக்களிலும் கிட்டார் வாசிப்பவர்கள், அம்ப்பைத் திருத்துவதற்குக் கொண்டுவரும் போதெல்லாம் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். 1960களின் வால்வு அம்ப்களை, அதாவது வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்களைப் பற்றியும், அவற்றிலும் உறுமாத, கரகரக்காத ஒலியைப் பற்றியும் மட்டுமே பேசப் போகிறேன். டிஸ்டோர்ஷன் பிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.

கிளீன் டோன், அதாவது தெளிந்த ஒலி என்றால் அம்ப் எதையும் சேர்க்காத ஒலி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. எதையும் சேர்க்காத ஒலி எப்படியிருக்கும் என்று அறிய வேண்டுமானால் கிட்டாரை நேரே மிக்ஸரில் கொடுத்துக் கேளுங்கள். தகரத்தில் தட்டியதுபோல வறண்டு ஒலிக்கும், ஒரு பாட்டுக்கு மேல் காது தாங்காது. வால்வுகள் தம் எல்லையைத் தொடாமல் வேலை செய்யும் நிலையில் வரும் ஒலியையே தெளிந்த ஒலி என்கிறோம். அந்த நிலையிலும் டோன் குமிழ்களின் சுற்று சில சுரங்களை அமுக்குகிறது, சில சுரங்களை விடுகிறது. வால்வுகளுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை ஒவ்வொரு மீட்டலுக்கும் சற்றே குனிந்து நிமிர்கிறது. 12 அங்குல ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையை வேகமாகக் குறைத்துவிடுகிறது. ஆகவே எந்த அம்ப் தெளிவானது என்று கேட்பதைவிட, எந்த அம்ப் எதைச் சேர்த்துத் தெளிவாக ஒலிக்கிறது என்று கேட்பதே பயன் தரும். நான் மூன்று இடங்களைக் கவனிப்பேன்: பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தந்தியை விட்டகலும் அந்தக் கணம், அதற்கடுத்து ஒலி திரண்டு நிற்கும் இடம், பிறகு அது தேய்ந்து போகும் விதம். பலர் முதலாவதை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

ஃபெண்டர் ட்வின் ரிவெர்புக்கும் டீலக்ஸ் ரிவெர்புக்கும் தெளிந்த ஒலியில் என்ன வேறுபாடு?

இரண்டும் அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்திலிருந்து 1963இல் வந்த அம்ப்கள். முகப்புப் பலகை கறுப்பாக இருந்ததால் பிளாக்ஃபேஸ் என்று அழைக்கப்படும் காலத்தைச் சேர்ந்தவை. முன்பகுதிச் சுற்றில் இரண்டும் நெருங்கிய உறவினர்கள். வேறுபாடு பெரும்பாலும் பின்பகுதியிலேயே இருக்கிறது. ட்வினில் நான்கு 6எல்6 வால்வுகள், 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். மின்சாரத்தை நேர்மின்னாக்குவதும் வால்வு அல்ல, டையோடுகள். அதனால் பேஸ் தந்தியை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பவர் சப்ளை பெரிதாக அசைவதில்லை. ஒலி வெண்கல மணிபோல எழுந்து அப்படியே நிற்கும். டீலக்ஸில் இரண்டு 6வி6 வால்வுகள், 22 வாட், ஒரே ஸ்பீக்கர், அத்துடன் மின்சாரத்தை நேர்மின்னாக்க ஜிஸெட் 34 என்ற ரெக்டிஃபயர் வால்வு. மெல்ல மீட்டினால் ட்வினைப்போலவே பளபளக்கும். ஓங்கி மீட்டினால் ஒலியின் முனை சற்று உருண்டு, பின்னால் வரும் உடற்பகுதி மேலெழும். தனிச் சுரங்களாக வாசிப்பவர்களுக்கு இது வரம். ஐந்தாறு சுரக் கோர்ட்களை விரைவாக மாற்றி வாசிப்பவர்களுக்கு ட்வினின் விறைப்பே வசதி.

குமிழ்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. ட்வினில் நடுச்சுரங்களுக்கென்று மிடில் குமிழும், கூர்மையைக் கூட்டும் பிரைட் சுவிட்சும் இருக்கின்றன. டீலக்ஸில் இரண்டுமே இல்லை. மிடில் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது, வைப்ரேட்டோ சேனலில் (அம்ப்பின் இரண்டு ஒலிவழிகளில் ஒன்று) அதே கூர்மையைக் கூட்டும் சிறிய பிரைட் கெப்பாசிட்டர் ஒன்றும் எப்போதும் இணைந்தே இருக்கிறது. ஆகவே டீலக்ஸ் கூர்மையாக ஒலிக்கிறது என்று சொல்பவர் வொல்யூமை மூன்றில் வைத்துக் கேட்டிருப்பார். வொல்யூம் ஏற ஏற அந்தக் கெப்பாசிட்டரின் வேலை குறைந்துவிடும். அந்த வைப்ரேட்டோ என்ற பெயரும் பிழையானது. அது சுருதியை அசைப்பதில்லை, சத்தத்தையே ஏற்றி இறக்குகிறது.

சில்வர்ஃபேஸ் அம்ப்கள் தாழ்ந்தவையா?

விலையில் தாழ்ந்தவை, ஒலியில் எப்போதும் அப்படியல்ல. ஃபெண்டர் நிறுவனத்தை 1965இல் அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது. 1968 வாக்கில் முகப்பு வெள்ளி நிறமானது. சுற்றுகளிலும் சில மாற்றங்கள் புகுந்தன. அம்மாற்றங்கள் பெரும்பாலும் அம்ப் கரகரப்பதைத் தள்ளிப்போடும் நோக்கமுடையவை என்பதால், தெளிந்த ஒலி மட்டும் வேண்டுபவருக்குச் சில்வர்ஃபேஸ் சில வேளை கூடுதல் இலாபமே.

வொக்ஸ் ஏசி 30 ஏன் அவ்வளவு வேறாக ஒலிக்கிறது?

இங்கிலாந்தில் டிக் டென்னி வடிவமைத்து, டொம் ஜென்னிங்ஸின் நிறுவனம் தயாரித்த இந்த அம்ப்பில் நான்கு ஈஎல் 84 வால்வுகள் உள்ளன. அந்த வால்வு பெரியவர்களுக்கு அந்நியமானதல்ல. ஒரு காலத்தில் தோட்ட உத்தியோகத்தர் வீடுகளின் வரவேற்பறையில் இலங்கை வானொலியைப் பாடவைத்த பல ரேடியோகிராம்களில் ஸ்பீக்கரை இயக்கியது அதுவே.

ஃபெண்டர் அம்ப்களில் கடைசிக் கட்டத்திலிருந்து ஒலியின் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பி, பிழைகளைத் திருத்தும் எதிர்ப் பின்னூட்டம் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஏசி 30இல் அது இல்லை. அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் ஸ்பீக்கர் தன் இயல்பான அதிர்வுகளைத் தாராளமாக வெளிக்காட்டுகிறது. மேல் சுரங்களில் கண்ணாடி மணி உரசுவதுபோன்ற ஒரு மினுக்கமும், கீழே சற்றுத் தளர்ந்த ஒரு மிருதுவும் கிடைக்கின்றன. ஃபெண்டரில் நடுச்சுரங்கள் குழிந்திருக்கும். ஏசி 30இன் நோர்மல் சேனலில் அந்தக் குழி இல்லை. பிற்காலத்தில் சேர்ந்த டொப் பூஸ்ட் சுற்றில்தான் ட்ரெபிள், பேஸ் குமிழ்கள் தனித்தனியே வந்தன. இங்கிலாந்தின் ஷேடோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஹேங்க் மார்வின் வாசித்த ஒலியைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும்.

தெளிவுக்கும் கரகரப்புக்கும் நடுவில் ஃபெண்டரில் ஒரு வேலி இருக்கிறது. ஏசி 30இல் அது ஒரு சரிவு. எங்கே தெளிவு முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இதைக் குறை என்பவரும் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் பாடகருக்குப் பின்னால் அடக்கமாக வாசிக்க வேண்டிய இடத்தில் அந்தச் சரிவில் கால் வழுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்ஷலிலும் ஹைவொட்டிலும் தெளிந்த ஒலி கிடைக்குமா?

கிடைக்கும். 1962இல் பிறந்த மார்ஷல் ஜேடிஎம் 45, 1950களின் இறுதியில் வந்த ஃபெண்டர் பேஸ்மேனின் சுற்றைப் பார்த்துச் செய்யப்பட்டது. பேஸ்மேனின் முதல் வால்வு 12ஏஒய்7. மார்ஷலில் அந்த இடத்தில் ஈசிசி 83. முன்னதன் பெருக்கக் காரணி 45ஐ அண்டியது, பின்னதன் காரணி 100. அதனால் மார்ஷல் சீக்கிரம் உறுமத் தொடங்குகிறது. வொல்யூமைக் குறைத்து வைத்தால் அதன் தெளிந்த ஒலி தடித்து, நடுச்சுரம் நிறைந்து இருக்கும். ஹைவொட் 100 வாட் அம்ப்போ, பார்ட்ரிஜ் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபோமர்களின் தாராளத்தால், காது வலித்தாலும் தெளிவை விடாது. அதை முழுதாகத் திறந்து வாசிக்க மலையகத்தில் ஒரு பள்ளத்தாக்கே வேண்டும்.

வாட் கூடினால் தெளிவும் கூடுமா?

தெளிவு நிற்கும் எல்லை தள்ளிப்போகும், ஆனால் நினைக்கும் அளவுக்கு அல்ல. 22 வாட்டுக்கும் 85 வாட்டுக்கும் இடைவெளி சுமார் 6 டெசிபெல். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும். நுண்ணுணர்வு மிகுந்த ஒரு ஸ்பீக்கரை மாற்றிப் பூட்டினால் 3 டெசிபெல் சும்மா கிடைக்கும். அது வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பவர் வால்வுக்குச் செலவழிக்கும் காசை முதலில் ஸ்பீக்கரில் போடுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இரண்டு அம்ப்களை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். சத்தம் கூடும்போது மனிதக் காது தாழ்ந்த சுரங்களையும் உயர்ந்த சுரங்களையும் கூடுதலாக உணர்கிறது. பெல் ஆய்வுகூடத்தில் ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். ஆகவே இரண்டு அம்ப்களில் எது சற்றுக் கூடிய சத்தத்தில் வைக்கப்பட்டிருக்கிறதோ, அதுவே நிறைவாகவும் தெளிவாகவும் இருப்பதாகத் தோன்றும். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகள் பாதிக்கு மேல் இந்த மயக்கம்தான்.

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் ஒரு ஞாயிறு மாலை, நண்பரொருவரின் டீலக்ஸ் ரிவெர்பையும் என்னிடமிருந்த ஈஎல் 84 வால்வு அம்ப் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். முதலில் அவரவர் விருப்பப்படி குமிழ்களைத் திருப்பி வாசித்தபோது, வந்திருந்த ஐவரும் ஒரே குரலில் டீலக்ஸ்தான் என்றார்கள். பிறகு ஆறடி தள்ளி ஒரு கைப்பேசியை முக்காலியில் வைத்து, அதிலுள்ள சத்தமானியைப் பார்த்தபடி, ஒரே ஜி கோர்ட்டை அடித்து அடித்து இரண்டையும் ஒரு டெசிபெலுக்குள் சமப்படுத்தினோம். அதற்குப் பின் ஐவரில் மூவர் கட்சி மாறினார்கள். மூன்றாம் சுற்றில், ஸ்பீக்கரின் மின்தடை அம்ப்புக்கு ஒத்துவருகிறதா என்று ஓம் பொருத்தம் பார்த்து, இரண்டையும் மாறி மாறி ஒரே ஸ்பீக்கர் பெட்டியில் இணைத்து, வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தோம். வேறுபாடு பாதியாகச் சுருங்கிவிட்டது. மிஞ்சிய பாதி எது என்பதுதான் சுவை: திரண்டு நிற்கும் ஒலியில் இரண்டையும் யாராலும் பிரித்தறிய முடியவில்லை, பிக் விட்டகலும் கணத்திலும் தேய்ந்துபோகும் வாலிலும் மட்டும் பிரித்தறிய முடிந்தது. அந்த மாலைக்குப் பிறகு, ஸ்பீக்கரைப் பற்றிப் பேசாமல் அம்ப்பின் டோனைப் பற்றி மட்டும் பேசுபவர்களிடம் நான் வாதிடுவதில்லை.

சில சிறு கவனிப்புகளும் தேவை. குமிழ்களின் எண்களைச் சமமாக வைப்பதில் பொருளில்லை, ஒரு அம்ப்பின் ஐந்து இன்னொன்றின் ஐந்தல்ல. முதுகு திறந்த அம்ப்களைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் வையுங்கள். தரையில் வைத்தது எப்போதும் பேஸ் கூடியதாகவே ஒலிக்கும். கேபிளும் ஒன்றாகவே இருக்கட்டும், ஏனெனில் நீளமான கேபிள் கூர்மையை விழுங்கும். தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டால் அன்றைய ஒப்பீட்டை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதே நல்லது.

மாலையில் ஒருவிதமாகவும் இரவில் வேறுவிதமாகவும் அம்ப் ஒலிக்கிறதே, பிரமையா?

பிரமையல்ல. இலங்கையின் மின்னழுத்தம் 230 வோல்ட் என்றாலும், லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) போகும் நீண்ட கம்பியின் கடைசியில் இருப்பவர்களுக்கு அது எப்போதும் முழுதாகக் கிடைப்பதில்லை. கொழுந்து நிறுத்து வீடு திரும்பி, எல்லா வீட்டிலும் சோற்றுப் பானையும் கேத்தலும் மின்சாரத்தில் ஏறும் நேரம் மாலை ஏழு மணி. எங்கள் வீட்டுச் சுவரில் ஒருநாள் அந்நேரம் மீட்டர் 196 காட்டியது, இரவு பத்தரைக்கு 238. வால்வு அம்ப்பில் இந்த ஏற்ற இறக்கம் அப்படியே உள்ளே போகிறது. வால்வின் இழையைச் சூடாக்கும் 6.3 வோல்ட், 196இல் 5.4 ஆகிறது, 420 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 360க்கும் குறைவாக நிற்கிறது. பவர் வால்வின் எல்லை தாழ்ந்துவிடுவதால் தெளிவு சீக்கிரமே முடிந்து, பேஸ் தந்தி சோர்ந்து ஒலிக்கும். அதே அம்ப் இரவு பத்தரைக்கு விறைப்பாக, கொஞ்சம் முரட்டுத்தனமாகக்கூட ஒலிக்கும். ஏழு மணி ஒலி இனிமையானது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு; ஒலிக்கு அது சரி, வால்வுக்குச் சரியல்ல, ஏனெனில் இழை பத்து வீதத்துக்கு மேல் குறைந்து எரிவது நீண்ட காலத்தில் வால்வைக் கெடுக்கும். மேடைக்கு அருகில் ஒரு மல்ட்டிமீட்டரும், வசதியிருந்தால் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த 117 வோல்ட் அம்ப்பை இங்கே பாவிக்கலாமா?

ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபோமர் வைத்துப் பாவிக்கலாம். ட்வினுக்குக் குறைந்தது 500 விஏ (வோல்ட்-அம்பியர்) அளவுள்ளதாக இருக்கட்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அம்ப்பின் சொந்த டிரான்ஸ்ஃபோமரின் இரும்பு இங்கே ஐந்திலொரு பங்கு கூடுதலாகப் பாரம் சுமக்கும். 120க்குப் பதிலாக 110 வோல்ட் கொடுத்தால் அந்தப் பாரம் ஓரளவு இறங்கும். அரை மணி நேரம் வாசித்தபின் டிரான்ஸ்ஃபோமரில் கை வைக்க முடியாத அளவு சூடேறினால் நிறுத்திவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது நிலக்கம்பி. 1960களின் அமெரிக்க அம்ப்கள் இரண்டு முனைப் பிளக்குடன் வந்தவை. உள்ளே மின்கம்பி ஒன்றுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையில் ஒரு கெப்பாசிட்டர் பூட்டப்பட்டிருக்கும். அது பழுதானால் கிட்டார் தந்தியே மின்சாரமாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன், தோட்டத் தொழிலாளர் காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்தில் போட்ட ஒரு திருவிழா மேடையில், கையில் கிட்டாரோடு மைக்கில் உதடு பட்ட கணத்தில் என் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. விழுந்தது நினைவில்லை, எழுந்தது நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கெப்பாசிட்டரை வெட்டியெறிந்து, மூன்று கம்பி வயரைச் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டாமல் எந்த அம்ப்பையும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. வீட்டு மின்னிணைப்பில் நிலக்கம்பி உண்மையிலேயே மண்ணுக்குப் போகிறதா என்பதையும் மின்னிணைப்பாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். சில பழைய லயங்களில் பிளக்கில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதன் பின்னால் ஒன்றுமே இருக்காது.

பனியும் ஈரமும் டோனைப் பாதிக்குமா?

தப்பு என்ற தோல்பறையை அடிப்பவரைக் கேளுங்கள், சொல்வார். ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும் என்பதால் அவர் தப்பைத் தீயில் காய்ச்சிய பிறகே அடிப்பார். ஸ்பீக்கரின் கூம்பும் காகிதமே. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர். அங்கே மூன்று மாதம் மூடிக்கிடந்த ஒரு அம்ப்பைத் திறந்தபோது கூம்பில் பூஞ்சணம் வெண்புள்ளியாகப் படர்ந்திருந்தது, வால்வுச் சொக்கெட்டுக்குப் பின்னால் பல்லி முட்டை இரண்டும் இருந்தன. பழைய ஃபெண்டர்களில் பாகங்கள் பூட்டப்பட்ட கறுப்பு ஃபைபர் பலகை ஈரத்தை உறிஞ்சி, மின்சாரம் ஓடக்கூடாத இடத்தில் மெல்ல ஓடவிடும். கார்பன் ரெசிஸ்டர்களின் அளவும் ஈரத்தால் ஏறும். தெளிந்த ஒலியின் பின்னால் மழைத்துளி பொரிவதுபோல் கரகரவென்று கேட்டால், முதலில் வால்வுகளின் பிளேட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் 100 கிலோ ஓம் பிளேட் ரெசிஸ்டர்களைச் சந்தேகியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் போட்டு வைத்தால் வால்வுகளின் சூடே உள்ளே காயவைத்துவிடும்.

நெடுங்காலம் கிடந்த அம்ப்பை எடுத்தவுடன் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். உள்ளேயுள்ள மின்பகு கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கும். 60 வாட் இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துப் போட்டால், ஏதும் பழுதிருப்பின் குமிழ் முழுதாக எரிந்து காட்டிக்கொடுக்கும்; எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு அம்ப்பை ஒருபோதும் வாசிக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபோமர் போய்விடும். வாசிக்கும் சுரத்துக்குப் பின்னால் சுருதி சேராத இன்னொரு சுரம் பேய்போலக் கேட்டால் அது வால்வின் குற்றமல்ல, அந்தக் கெப்பாசிட்டர்களின் குற்றம். அணைத்த பின்னும் அவற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் மூடியைக் கழற்ற வேண்டாம்.

வால்வுகளை மாற்றினால் ஒலி மாறுமா?

ஒரே வகையில் கம்பெனி மாற்றிப் பூட்டுவதால் வரும் வேறுபாடு, விற்பவர் சொல்வதில் பத்தில் ஒன்று. வகையை மாற்றினால் நிச்சயம் மாறும்: முதல் இடத்திலுள்ள ஈசிசி 83ஐ எடுத்துவிட்டு 12ஏஒய்7 போட்டால் தெளிவு நீளும்.

டிரான்ஸிஸ்டர் அம்ப் இதைவிடத் தெளிவாக இல்லையா?

1975இல் வந்த ரோலண்ட் ஜேசி 120 வால்வே இல்லாதது; தெளிவில் அதை மிஞ்சுவது கடினம். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் வால்வு அம்ப்பைவிடப் பொறுமையாகத் தாங்கும். எனினும் ஓங்கி மீட்டினாலும் மெல்ல மீட்டினாலும் அது ஒரே முகத்தையே காட்டும். வால்வு அம்ப் வாசிப்பவரின் கைக்கு ஏற்ப முகம் மாற்றும். இது என் இரசனை, அளந்து சொன்னதல்ல.

நூறு பேர் இருக்கும் தோட்டத்து மண்டபத்துக்கு ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எது?

டீலக்ஸ் ரிவெர்ப் அளவிலான ஏதாவது ஒன்று. பழையது அகப்படாவிட்டால் அதே சுற்றில் செய்த புதியதும் போதும். ட்வினும் ஏசி 30உம் ஏறத்தாழ 30 கிலோ. டீலக்ஸ் 20 கிலோவுக்குக் குறைவு. நான் வாசிக்கும் மண்டபங்களில் பெரும்பாலானவற்றுக்கு வாகனம் தெருவோடு நின்றுவிடும். அதற்கு மேல் படி. ஒரு முறை ட்வினைத் தோளில் தூக்கி 74 படி ஏறிய பிறகு, முதல் பாட்டில் என் இடதுகை விரல்கள் நடுங்கிய நடுக்கத்தை அந்த அம்ப் அத்தனை தெளிவாக எல்லோருக்கும் கேட்கச் செய்தது.